உடற்பருமன் சத்திரசிகிச்சையும் நோயாளியின் சாட்சியமும்

போர்களின் வரலாற்றை எழுதுவோர் தளபதிகளின் பெயர்களை நிரல்படுத்திவிட்டுப் போர்வீரரை மறந்துவிடுவதுண்டு. வைத்திய வரலாற்றை எழுதுவோரும் இவ்வாறே சத்திரசிகிச்சை நிபுணரின் பெயர்களோடு நின்றுவிடுகின்றனர். கத்தியின் கீழ்க் கிடந்தவர் பின்னர் என்ன பாடுபட்டார், என்ன சொன்னார், அச்சொல்லை யார் செவிமடுத்தார் என்ற வினாக்கள் அங்கே எழுவதில்லை. உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சையின் எழுபதாண்டு வரலாற்றை இவ்வினாக்களோடு அணுகுவது பயனுடையது என நாம் கருதுகின்றோம்.

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னெசோற்றாவில் கிரெமன், லின்னர் முதலிய வைத்தியர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியில் உணவு செல்லாதவாறு விலக்கிவிட்டால் எடை குறையும் என்பதை நாய்களில் நடத்திய பரிசோதனைகளால் காட்டினர். 1956இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெய்ன் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் சிறுகுடலைப் பெருங்குடலோடு நேரே இணைத்துப் பார்த்தனர். எடை குறைந்தது. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கும் ஈரற் பழுதும் தொடர்ந்தன. பெரும்பாலோருக்குக் குடலைப் பழையபடி இணைக்க நேர்ந்தது. இணைத்ததும் இழந்த எடை திரும்பிற்று. இம்முறையைத் திருத்தியமைத்து, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பல்லாயிரம் பேருக்குச் செய்தனர். சிறுநீரகக் கல், மூட்டு நோவு, ஈரல் செயலிழத்தல் என்பன ஆண்டுகள் பல கழிந்தும் தோன்றின, சிலர் மாண்டனர். 1980ஐ அண்டி அம்முறை கைவிடப்பட்டது. இத்தீங்குகளின் முழு அளவையும் ஆய்வுகூடம் முன்கூட்டி உணர்த்தவில்லை. வைத்தியசாலைக்கு மீண்டும் மீண்டும் வந்த நோயாளரின் உடல்களே அதனை உணர்த்தின.

1966இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் மேசன் வேறொரு வழியைத் தொடங்கினார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தோர் மெலிந்திருந்தமையைக் கண்டு, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைத்தார். 1986இல், இத்தகைய நோயாளரின் பிற்கால நிலையைத் தொடர்ந்து குறித்துவைக்கும் பதிவேடு ஒன்றையும் நிறுவினார். 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் அவை, சத்திரசிகிச்சை பெற்றவரை வாழ்நாள் முழுவதும் வைத்தியர் கண்காணிக்க வேண்டுமெனக் கூறிற்று. சுவீடனில் 1987இல் தொடங்கி நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு, சத்திரசிகிச்சை பெற்றோரிடையே மரணம் குறைந்திருந்ததென 2007இல் அறிவித்தது. ஆகவே இச்சிகிச்சையின் பயனை நாம் மறுப்பதற்கில்லை.

எனினும் நோயாளர் விடுதியின் வரலாறு வேறு. தைத்த இடம் கசியுமாயின் உயிருக்கே ஆபத்து. பருத்த வயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்து அதனை அறிவது கடினம். விரைந்த நாடித்துடிப்பு, தோள் நோவு, இனந்தெரியாத பதற்றம் என்பனவே முதல் அடையாளங்களாக அமையக்கூடும். அதாவது, "எனக்கு ஏதோ சரியில்லை" என்று நோயாளி சொல்லும் சொல்லே அங்கு மதிப்புமிக்க சான்று. பருமனை மனவுறுதியின்மை எனக் கருதி இகழும் தாதியோ வைத்தியரோ அச்சொல்லை முனகல் என்று ஒதுக்கிவிடின், இகழ்ச்சி மரணத்துக்குத் துணைபோகின்றது. உடலை மூடாத மேலாடையும் அமர முடியாத நாற்காலியும் அவமானத்தைத் தருவன. கைக்குப் போதாத பட்டியோ குருதியமுக்கத்தையே கூட்டிக் காட்டிப் பிழையான சிகிச்சைக்கு இட்டுச்செல்லும்.

1994இல், சிறு துளைகளின் வழியே இச்சத்திரசிகிச்சையைச் செய்யும் முறை பற்றிய அறிக்கை வெளிவந்தது. அம்முறை பரவியதும் நோவு குறைந்தது. வைத்தியசாலையில் தங்கும் காலமும் இரண்டொரு நாளாகச் சுருங்கிற்று. இதனாற் கட்டில்கள் விரைவில் காலியாகின்றன. ஆனால் கசிவு வீடு சென்ற பின்னரும் வெளிப்படலாம். வாரக்கணக்கில் வாந்தியெடுப்பவருக்குத் தயமின் எனும் விற்றமின் பி1 குறைந்து, பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, நினைவும் கலங்கும். ஊர் வைத்தியசாலையில் இதனை அறியாதார் தயமினைக் கொடாது குளுக்கோசு மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். முன்பு விடுதியில் தாதி மேற்கொண்ட கண்காணிப்பு, இன்று மனைவியின் மீதோ மகளின் மீதோ கூலியின்றிச் சுமத்தப்படுகின்றது.

அமெரிக்க அரசின் காப்புறுதியான மெடிக்கெயார், சான்று பெற்ற வைத்தியசாலைகளில் மட்டுமே இதற்குப் பணம் தரும் என 2006இல் விதித்து, 2013இல் அவ்விதியை நீக்கிக்கொண்டது. சொந்த நாட்டில் செலவைத் தாங்கமாட்டாதார் வேற்றுநாடு சென்று வெட்டிக்கொண்டு திரும்புவதும் நடைபெறுகின்றது. சத்திரசிகிச்சையை ஒரு பொருள்போல் விலைகூறி விற்கலாம். வாழ்நாள் முழுவதும் வேண்டப்படும் குருதிப் பரிசோதனையையும் விற்றமினையும் பரிவான செவியையும் அவ்வாறு ஒரே நாளில் விற்றுத் தீர்க்க முடியாது. இலாபம் குறைந்த இப்பகுதியே முதலில் புறக்கணிக்கப்படுகின்றது.

ஆகவே சத்திரசிகிச்சைக்குப் பின்னான பராமரிப்பு, சிகிச்சையின் பிரிக்கவியலாத பகுதியாகப் பொதுச் செலவில் எல்லோருக்கும் கிடைத்தல் வேண்டும். நோயாளியின் வாய்மொழியும் வைத்திய ஏட்டில் இடம்பெறல் வேண்டும். முதல் இருபத்தைந்து ஆண்டுகளின் தவறுகளை வெளிப்படுத்தியவர் அந்நோயாளரே என்பதை மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியராகிய எமது கடமையாகும்.