கடல் இல்லாத ஊரில் கடலை மிஞ்சிய உப்பு

மங்கலத்தில் கடல் கிடையாது, நொய்யல் மட்டும்தான். ஆனாலும் உப்புத்தண்ணீர் எவர்சில்வரை என்ன செய்யும்னு தெரிஞ்சுக்க நாம ராமேஸ்வரம் போகவேண்டியதில்லை. பக்கத்துச் சாயப்பட்டறை போதும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கறுப்பு, நேவி மாதிரி அடர்நிறம் போடும்போது சாயத்தண்ணீரில் லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவாங்க. காரணம் எளிது. தண்ணீரில் பருத்திக்கும் எதிர்மின்சுமை, ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்சுமை. ரெண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு நடுவில் புகுந்து அந்தத் தள்ளலை அடக்குது. ராட்டீ, ஸ்டீபன் என்ற இரு ஐ.சி.ஐ. வேதியியலாளர்கள் 1954-ல் கண்டுபிடிச்ச சாயவகை இது. 1956-ல் புரோசியான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இதில் கவனிக்கவேண்டியது, உப்பு துணியில் தங்காது. போட்டதெல்லாம் கழிவுநீரில் திரும்பி வரும்.

இனி இரும்பின் கதை. 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக்குழல் தேய்மானத்துக்கு வழி தேடப்போய், துருப்பிடிக்காத உருக்கை வார்த்தார். அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மெல்லிய படலமாகிக் காக்குது. குளோரைடு அந்தப் படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை போடும். மேலே பளபளப்பு குறையாது, உள்ளே குழி ஆழமாகும். (பொது இடத்தில் சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள அழுற மனுஷன் மாதிரி.) சூடும் சேர்ந்தா, வளைவிலும் வெல்டிங் ஓரத்திலும் வெடிப்பே விடும், சாயம் போடுற 60 டிகிரி அந்த எல்லைக்குக் கிட்டத்தான். அதனாலதான் மாலிப்டினம் கலந்த 316 ரகத்தைக் கேட்கிறாங்க, படகுக்காரரும் பட்டறைக்காரரும். கிளாபர் உப்பில் குளோரைடு இல்லை, இரும்புக்கு அது இதம். ஆனா அதிலுள்ள சல்பேட் கான்கிரீட்டை அரிக்கும்.

பராமரிப்பும் ரெண்டு இடத்திலும் ஒண்ணேதான்: வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணீரில் அலசுறது, உப்புத்தண்ணீரைத் தேங்கவிடாம இருக்கிறது, கம்பிப் பிரஷால் தேய்க்காம இருக்கிறது. சாதா இரும்புத்துகள் ஒட்டினா அங்கேதான் துரு ஆரம்பிக்கும். வெல்டிங் கறையை பிக்ளிங் பேஸ்ட் போட்டு எடுத்துடணும். ஞாயிற்றுக்கிழமை லீவுன்னு மெஷினில் சாயத்தண்ணீரை விட்டுட்டுப் போறதுதான் பெரிய கேடு.

இரும்பைக் கழுவின தண்ணீர் எங்கே போச்சு? பல வருஷம் நொய்யலுக்குத்தான். பாசனத்துக்குன்னு கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாச்சு. கீழே விவசாய நிலம் உப்பேறியது. விவசாயிகள் வழக்கு நடத்தினாங்க. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதுக்கப்புறம் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறினாத்தான் ஓட்டமுடியும்னு ஆச்சு.

ஆக, உப்பு இப்போ வளாகத்துக்குள்ளயே சுத்துது. ஆர்.ஓ. தள்ளிவிடுற அடர் உப்புநீர் ஆவியாக்கியில் கொதிக்கும்போது, கடல்நீரைவிட அது பலமடங்கு கடுமை. அங்கே 316-ம் நம்பமுடியாது. பல இடங்களில் டூப்ளெக்ஸ் உருக்கு, டைட்டானியம் குழாய்னு விலையேறின சரக்குதான் வைக்கிறாங்க.