வில்லைக் கீழே வைத்தவர் யார்?

மாலை மழை விட்டதும் வேங்கிக்காலில் வானவில் தெரியவேண்டுமானால் அண்ணாமலைக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். மேற்கே சாயும் வெயில் பின்னாலிருந்து விழ, கிழக்கே கலையும் மழைத்துளிகளில் நிறங்கள் எழும். இந்த வளைவுக்குத் தமிழில் வானவில், இந்திரவில், திருவில் என்று பல பெயர்கள். எல்லாவற்றிலும் வில் இருக்கிறது. வில் என்பது ஆயுதம்.

பைபிளின் எபிரேய மொழியிலும் அப்படித்தான். போர்வில்லுக்கும் வானவில்லுக்கும் ‘கெஷெத்’ என்ற ஒரே சொல். ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில், பெருவெள்ளத்தால் உலகை அழித்த கடவுள் தம் வில்லை மேகத்தில் வைக்கிறார். இனி வெள்ளத்தால் உயிர்களை அழிப்பதில்லை என்ற உடன்படிக்கைக்கு அதுவே அடையாளம். இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. வில்லைப் பார்த்து நினைவுகூர வேண்டியவர் கடவுள்தான். வாக்கை மறக்கக்கூடாதவர், அழிக்கும் வலிமை கொண்டவர்.

உடன்படிக்கை எல்லா உயிர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அது அறிவிக்கப்படுவது நோவாவிடமும் அவருடைய மகன்களிடமும். பேழையிலிருந்து நான்கு பெண்களும் இறங்கினார்கள்: நோவாவின் மனைவி, மருமகள்கள் மூவர். ஆதியாகமம் இவர்களில் ஒருவர் பெயரையும் சொல்வதில்லை. மகன்களுக்கோ சேம், காம், யாப்பேத் என்று பெயர்கள் உண்டு.

இந்தக் கதைக்கு முந்தைய வடிவங்கள் மெசபடோமியாவில் இருந்தன. நினிவே நகரின் களிமண் பலகைகளிலிருந்து 1872-இல் ஜார்ஜ் ஸ்மித் வாசித்தறிந்த கில்காமேஷ் காவியத்தின் வெள்ளக் கதையில், மனிதர்கள் மூழ்குவதைக் கண்டு பிள்ளை பெறும் பெண்ணைப் போல் கதறுகிறாள் தாய்த்தெய்வம். அழிவுக்குத் தானும் உடன்பட்டதை எண்ணி வருந்துகிறாள். வெள்ளம் வடிந்ததும் தன் கழுத்திலுள்ள நீலமணிகளைக் காட்டி, இந்த நாட்களை மறக்கமாட்டேன் என்கிறாள். அங்கே நினைவின் அடையாளம் ஒரு பெண்ணின் கழுத்தணி. ஆதியாகமத்தில் அந்த இடத்தில் ஒரு வில் இருக்கிறது.

தமிழில் இந்தக் கதை அச்சேற வழிவகுத்தவர் தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு. பழைய ஏற்பாட்டை ரூத்தின் புத்தகம் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719-இல் இறந்தார். பிற்காலத்தில் டேனிஷ் மிஷன் திருவண்ணாமலைக்கும் வந்து பள்ளிக்கூடம் நடத்தியது. வேதப்பாடத்தின் வழியாக நோவாவின் வில் இந்த மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கும் அறிமுகமானது.

ஐரோப்பாவில் அதற்குள் வில்லின் பொருள் பலமுறை மாறியிருந்தது. இடைக்காலத்து இறுதித் தீர்ப்பு ஓவியங்களில் கிறிஸ்து வானவில்லின் மேல் அமர்ந்து நல்லவரையும் கெட்டவரையும் பிரிக்கிறார். மன்னிப்பின் சின்னம் நீதிபதியின் இருக்கையாகிவிட்டது. 1525-இல் ஜெர்மனியில் நிலப்பிரபுக்களை எதிர்த்த விவசாயிகளோடு நின்ற போதகர் தாமஸ் முன்ட்ஸர் அதே வானவில்லைக் கொடியில் ஏந்தினார். பிராங்கன்ஹவுசனில் அந்த விவசாயிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஒரே சின்னத்தைத் தீர்ப்பளிப்பவரும் எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்புக்கு ஆளானவரும் எடுத்துக்கொள்ளலாம்.

1978 ஜூன் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர்களின் பேரணியில் இரண்டு பெரிய வானவில் கொடிகள் ஏறின. அன்று எட்டு நிறங்கள், பிறகு ஆறாயின. உருவாக்கியவர் கில்பர்ட் பேக்கர் என்றே உலகம் படித்தது. சாயமேற்றும் வேலையை முன்னின்று செய்தவர் லின் செகர்பிளாம் என்ற பெண். சுமார் முப்பது தன்னார்வலர்கள் சாயத்தொட்டியிலும் தையல் இயந்திரத்திலும் உழைத்தார்கள். கொடி புகழ்பெற்றபோது செகர்பிளாமின் பெயர் பல பத்தாண்டுகள் பின்னுக்குப் போய்விட்டது. பேழையில் இருந்த பெண்களுக்கு நேர்ந்ததுதான் கொடியின் கதையிலும் நேர்ந்தது.

1999-இல் கொல்கத்தாவில் பதினைந்து பேர் நடந்தது இந்தியாவின் முதல் பெருமைப் பேரணி. 2009 ஜூனில் சென்னையில் வானவில் கொடி நடந்தது, 2012-இல் மதுரையில். கொடி தெருவுக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள் வருவதுதான் கடினம், அதிலும் பெண்களுக்கு. மகளின் காதல் குடும்ப மானத்தோடு முடிச்சுப்போடப்பட்ட ஊர்களில், இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ முடிவெடுத்தால் முதலில் பதிவாவது ‘காணவில்லை’ என்ற புகார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் 2021-இல் காவல்துறையிடமிருந்து பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது அப்படித்தான். தீர்ப்பெழுதுமுன் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து இந்த உறவைப் புரிந்துகொள்ள முயன்றார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது: வயதுவந்தவர்கள் விரும்பி வாழ்வதாகச் சொன்னால் காவல்துறை புகாரை முடித்துவிட வேண்டும், பாலீர்ப்பை ‘குணப்படுத்தும்’ சிகிச்சை கூடாது. அதிகாரத்தின் கையிலிருந்து ஒரு வில் இறங்கிய தருணம் அது. மதத்தின் பெயரிலும் குடும்பத்தின் பெயரிலும் வளைக்கப்படும் வில்கள் இன்னும் இறங்கவில்லை.

வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் அடையாளச் சான்று வழங்கும் பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தது. இங்கிருந்து சிறிது தூரத்தில், கார்த்திகை தீபத்தன்று மாலை, பாதி பெண்ணான அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் வெளியே வரும்போது லட்சக்கணக்கானோர் கைகூப்புகிறார்கள். தெய்வத்திடம் யாரும் சான்று கேட்பதில்லை. அதே கூட்டத்தில் நிற்கும் திருநங்கை தன்னைத் தானென்று நிறுவ மனு எழுதவேண்டியிருக்கிறது.

வானவில் யாருடையது என்று இன்று சில தேவாலயங்கள் சண்டையிடுகின்றன; கொடி பிடிப்பவர்கள் அதைத் திருடிவிட்டதாகக் கோபிக்கின்றன. ஆதியாகமத்தைத் திரும்பப் படித்தால் அந்தக் கோபத்துக்கு அங்கே இடமில்லை. உடன்படிக்கை உடலெடுத்த எல்லா உயிரோடும் செய்யப்பட்டது. அதில் நினைவுகூரும் கடமை பலவீனமானவர்மேல் சுமத்தப்படவில்லை. தாங்கள் யார் என்று ஒவ்வொரு வாசலிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்கள் போதுமான அளவு நினைவில் சுமந்துவிட்டார்கள். வானத்தைப் பார்த்துத் தங்கள் வாக்கை நினைத்துக்கொள்ள வேண்டியவர்கள் தந்தையர், போதகர், காவலர், ஆட்சியாளர்.