யானைத்தீயும் நடைப்பிணமும்: பாக் நீரிணைக் கரையிலிருந்து மணிமேகலையை வாசித்தல்

தமிழில் ‘நடைப்பிணம்’ என்ற சொல் அச்சத்தைக் குறிப்பதில்லை; மகனைப் பறிகொடுத்த தாயையும் நெடுநோயில் மெலிந்தவரையும் இரக்கத்தோடு சுட்டும் சொல் அது. திரையிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த ‘ஜோம்பி’ வேறு வகை. ஹைத்தியின் நாட்டார் மரபில் அது பிறர் ஏவலுக்கு உழைக்கும், தன்னுணர்வு பறிக்கப்பட்ட உடல். கரும்புத் தோட்ட அடிமைமுறையின் நினைவு அதில் படிந்திருக்கிறது. ஜார்ஜ் ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுப் படத்துக்குப் பிறகே அது மனித ஊன் தேடி அலையும் கூட்டமாக நிலைபெற்றது. கேரி ரையன் 2009இல் வெளியிட்ட நாவலில் அந்தக் கூட்டத்துக்கு எதிராக வேலியடைத்த ஊரில் வளரும் இளம்பெண் மேரி, வேலிக்கு அப்பால் கடலைக் காண ஏங்குகிறாள். தமிழில் 2016இல் வந்த ‘மிருதன்’ திரைப்படம் இவ்வகைக் கதையை உதகமண்டலத்துக்குக் கொண்டுவந்தது. ஆயினும் அங்கே போராடுபவன் ஆண், சிறுமி காக்கப்பட வேண்டியவள். இவ்வகைக் கதைகள் பெரும்பாலும் ஒரே முற்கோளில் நிற்கின்றன: அடங்காப் பசி கொண்ட உடல் இனி மனிதர் அல்ல. பேரழிவு, அடங்காப் பசி, ஊன் தின்போர், தனித்து நிற்கும் இளம்பெண் ஆகிய எல்லாவற்றையும் கொண்டிருந்தும் அந்த முற்கோளை மறுக்கும் நூல் சாத்தனாரின் மணிமேகலை. தமிழில் இவ்வகை நாவல் எழுத முனைவோருக்கு உரிய முன்மாதிரி அங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

காயசண்டிகையை முதலில் எடுத்துக்கொள்வோம். முனிவர் சாபத்தால் பன்னிரண்டு ஆண்டுகள் ‘யானைத்தீ’ என்னும் பெரும்பசி அவளைப் பற்றியிருக்கிறது. எவ்வளவு உண்டாலும் தீராது. அவளைக் கண்டு புகார் நகரம் கதவடைக்கவில்லை. ஆதிரையின் கையால் முதற்பிச்சை ஏற்ற அமுதசுரபி என்னும் குறையாத பாத்திரத்திலிருந்து மணிமேகலை சோறிட, பசி தணிகிறது. இதைவிடக் கூர்மையான சான்று ஆதிரையின் கணவன் சாதுவன் கதையில் உண்டு. கப்பல் உடைந்து கரையொதுங்கிய அவனை மனித ஊன் உண்ணும் நாகர் சூழ்கிறார்கள். அவன் கையில் ஆயுதமில்லை. அவர்கள் மொழி மட்டும் தெரியும். பேசுகிறான். கப்பல் உடைந்து வருவோரைக் கொல்லாதீர்கள், தானே மூத்து இறந்த விலங்கையன்றி வேறு உயிரை உண்ணாதீர்கள் என்கிறான். நாகர் தலைவன் இணங்குகிறான். ஊன் தின்போருக்கும் மொழி உண்டு, அறம் கேட்கும் செவி உண்டு என்று ஒரு பழங்காப்பியம் கருதியது சிறிய செய்தியன்று.

ஜோம்பி பிணம், அதற்கு மருந்தில்லை. சாபம் தீரக்கூடிய காயசண்டிகையோடு அதை ஒப்பிடலாமா என்று ஒருவர் கேட்கலாம். தீராமை என்பது ஆசிரியர் தம் கதையுலகுக்கு விதித்த விதி. எந்த உடலை மீட்க முடியாததாக வைப்பது என்பதை எழுதுபவரே தேர்கிறார். அந்தத் தேர்வில் அவருடைய அறநோக்கு வெளிப்படுகிறது. வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் இருக்குமிடத்தில் தட்டுப்பாடு ஏது, பிழைத்திருத்தலின் சோதனை ஏது? அப்பாத்திரத்தை மணிமேகலைக்கு முன் வைத்திருந்த ஆபுத்திரனின் கதை இதற்கு விடையளிக்கிறது. பாண்டிய நாட்டில் பஞ்சம் நீங்கி மழை பொழிந்ததும் அவனிடம் உண்ண வருவோர் இல்லை. பஞ்சமுற்ற சாவகம் நோக்கிக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் அவன் இறங்கியிருக்க, கப்பல் அவனை விட்டுப் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, குறையாத பாத்திரம், ஒற்றை மனிதன். பிழைப்புக் கதையின் நாயகனுக்கு இதைவிட நல்வாய்ப்பு அமையாது. அவனோ பலர் பசி தீர்த்த பாத்திரத்தால் தன் வயிற்றை மட்டும் நிரப்ப மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான். அற்புதத்தின் உதவியால் கதை எளிதாகிவிடவில்லை. தனியே பிழைப்பதற்குப் பொருளுண்டா என்ற கேள்வியே அதனால் கடுமையாகிறது.

மணிமேகலையின் வலிமை தெய்வம் தந்த மந்திரங்களால் வந்தது, அவளுடையதன்று என்ற குறை ஓரளவு உண்மை. உருமாறவும் வான்வழி செல்லவும் பசியை வெல்லவும் அவள் மந்திரம் பெறுகிறாள். மூன்றாவது மந்திரம் அவளை மற்றவர் பசியிலிருந்து விலக்கியும் நிறுத்துகிறது. இன்றைய நாவலாசிரியர் இங்கே காப்பியத்தைத் தாண்டியே ஆக வேண்டும். ஆனால் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி மன்னனிடம் கேட்டது எந்த மந்திரமும் அன்று. பின்னர் அரசி இராசமாதேவி அவளைத் தன்னிடம் வைத்துப் பித்தேற்ற மருந்தூட்டுகிறாள், உணவின்றி அடைக்கிறாள். முற்பிறப்பு உணர்ந்த அறிவால் பித்திலிருந்தும் மந்திரத்தால் பசியிலிருந்தும் அவள் தப்புகிறாள். மகனை இழந்து கொடுமை செய்தவளைப் பகையாகக் கொள்ளாமல் அவளுக்கு அறம் உரைப்பது மணிமேகலையின் சொந்தத் தெளிவு. இந்திரவிழா மறக்கப்பட்டுப் புகாரைக் கடல் கொண்ட பின், பஞ்சம் சூழ்ந்த காஞ்சியில் அவள் மீண்டும் பாத்திரத்தை ஏந்துகிறாள்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கட்டுமாவடி போன்ற கரையூரிலிருந்து வாசித்தால் இந்நூலின் பேரழிவு தொலைவில் இல்லை. மணிபல்லவம் யாழ்ப்பாணத்து நயினாதீவு என்பது பலர் கருத்து, ஏற்காதவரும் உண்டு. எப்படியாயினும் நயினாதீவு இருப்பது இதே பாக் நீரிணையில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது இம்மாவட்டத்தில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன, மின்சாரமின்றிப் பல நாள்கள் கழிந்தன. இங்கே நாவலுக்கு வேலி கட்டத் தேவையில்லை. இயந்திரம் பழுதாகிக் காற்றோடு போகும் படகில் இருப்பவருக்கு எதிர்க்கரையில் என்ன நேரும் என்ற கவலை இந்தக் கரையின் அன்றாடம். கப்பல் உடைந்து வருவோரைக் கொல்லாதீர்கள் என்று சாதுவன் நாகர் தலைவனிடம் கேட்டது அந்தக் கவலையிலிருந்துதான்.