கூத்துக் கொப்பி

இலங்கைத் தமிழரின் மரபு நாடகமான கூத்தின் பாடல்களையும் வசனங்களையும் வரிசைப்படி எழுதி, பழக்கத்திலும் ஆடுகளமான களரியிலும் பயன்படுத்தும் கையெழுத்துப் பிரதி கூத்துக் கொப்பி எனப்படும். முன்னர் ஓலை ஏடாக இருந்தது. தாள் பெருகியபின் கொப்பியாயிற்று. பெரும்பாலும் கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் வீட்டிலேயே இருக்கும். ஆனையிறவுக்கு வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தெற்கே வன்னியிலும் ஆடப்படும் காத்தவராயன் கூத்தும், முல்லைத்தீவுக் கோவலன் கூத்தும் ஏட்டாலும் அண்ணாவிமாரின் நினைவாலும் வாழ்ந்தவை.

ஐரோப்பிய அரங்கில் இதற்கு இணையானது, ஓரத்தில் குறிப்பெழுதிய மேடைப்பிரதி. இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழக நூலகத்திலுள்ள 1623ஆம் ஆண்டு ஷேக்ஸ்பியர் தொகுப்பில் 'மக்பெத்' உள்ளிட்ட நாடகங்களில், நடிப்புக்காக வெட்டிய பகுதிகளும் மேடைக்குறிப்புகளும் 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில் உள்ளன.

கூத்துக் கொப்பியில் அத்தகைய விரிந்த குறிப்புகள் அரிது. 'கட்டியகாரன் வரவு', 'விருத்தம்', 'தரு', 'வசனம்' என்று ஓரிரு சொற்களே பாடலின் தலையில் நிற்கும். ஆனால் நெறியாள்கையின் ஒரு பாதி அவற்றில்தான் அடங்கியிருக்கிறது. விருத்தம் என்றால் தாளம் நிற்கும், ஆட்டம் ஓயும், பாடுபவரின் குரல் மட்டும் சபையை ஆளும். தரு தொடங்கியதும் மத்தளம் சேரும், கால்கள் எழும், பிற்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் பாடுவர். அரசனுக்கு முன்னர் கட்டியகாரன் வருவதால் அவையின் ஒழுங்கும் நிலைபெறுகிறது. ஆட்ட அடவுகளையும் ஆடுவோர் நிற்கும் இடங்களையும் கொப்பியில் பொதுவாக எழுதுவதில்லை. அவை அண்ணாவியாரின் உடம்பிலும் நினைவிலும் இருந்தன. ஆகவே கொப்பி பாதி நெறியாள்கைதான். மறுபாதியை அறிந்தவர் மறைந்தால் எழுத்து தனித்துப் பேசாது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'அலங்காரரூபன் நாடகம்' (1962), 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' (1964) முதலிய கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்தார். விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கி, 'கர்ணன் போர்' (1962) போன்ற தயாரிப்புகளாகப் பல்கலைக்கழக மேடைக்கும் கொண்டுவந்தார். அச்சு நூல் பாடலைக் காத்தது பெரும் பணி. எனினும் கைப்பிரதியின் அடித்தலும் திருத்தமும் இடைச்செருகலும் அச்சில் வருவதில்லை. எது களரியில் எடுபட்டது, எது கைவிடப்பட்டது என்பதற்கு அவையே சாட்சி.

உள்நாட்டுப் போரில் ஆனையிறவு 1991இலும் 2000இலும் பெரும்போர்க்களமானது. 2009 வரை வன்னி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்ததில் வீடுகளோடு ஏடுகளும் அழிந்தன. எஞ்சிய கொப்பி வைத்திருப்போர் அதைத் துப்புரவாகப் பெயர்த்தெழுதி மூலத்தை எறிந்துவிடக் கூடாது. அடித்த வரிகளும் ஓரக் குறிப்புகளும் தெரியப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் போன்ற ஆவணகங்களுக்குக் கொடுங்கள். ஆடியவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பாடச்சொல்லி ஒலிப்பதிவும் செய்யுங்கள்.