மருந்தியக்கவியல்

மருந்து + இயக்கம் + இயல். ‘இயக்கம்’ என்றதும் மருந்து வேலை செய்யும் விதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே அதற்கு நகர்வு என்றே பொருள். விழுங்கிய மருந்து ரத்தத்தில் எவ்வளவு சேரும், எங்கெல்லாம் பரவும், கல்லீரல் அதை எப்படிச் சிதைக்கும், எப்போது வெளியேறும் என்று கணக்கிடும் துறை இது.

இந்தத் துறைக்கு ‘ஃபார்மகோகினெட்டிக்’ என்ற ஜெர்மன் சொல்லை 1953இல், ரத்தத்தில் மருந்தின் அளவு பற்றிய தம் நூலில் வழங்கியவர் ஃபிரீட்ரிஷ் ஹார்ட்மூட் டோஸ்ட். கிரேக்க ‘ஃபார்மகோன்’ மருந்தையும் குறிக்கும், நஞ்சையும் குறிக்கும். ‘கினேசிஸ்’ என்றால் அசைவு.

டோஸ்ட் குழந்தை மருத்துவர். இந்தத் துறையின் அவசியம் குழந்தைகளிடம்தான் பளிச்சென்று தெரியும். மூச்சு விட்டு விட்டு வரும் குறைமாதக் குழந்தைக்குக் காஃபீன் கொடுப்பார்கள். பெரியவர் உடலில் அதில் பாதி சுமார் 5 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்தக் குழந்தையின் கல்லீரல் இன்னும் முதிரவில்லை. பாதி தீரவே 3, 4 நாள் ஆகலாம். எடைக்கேற்ப அளவைக் குறைத்தால் மட்டும் போதாது. பெரியவருக்குப் போல அடிக்கடி கொடுத்தால் மருந்து உடம்பில் தேங்கிவிடும். அதனால்தான் நாளுக்கு ஒரு வேளை.

சொல் பிறக்கும் முன்பே கணக்கு பிறந்துவிட்டது. சுவீடனின் டோர்ஸ்டன் தியோரெல் உடலைச் சில அறைகளாகப் பிரித்து, அவற்றிடையே மருந்து நகரும் வேகத்தை 1937இல் சமன்பாடுகளாக எழுதினார். இன்று கணினியில் கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு என ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை வைத்து, புதிய மருந்தை மனிதருக்கு முதன்முதலாகக் கொடுக்கும் அளவைக் கணிக்க அதே வழி உதவுகிறது.