மரபணு மாற்றப்பட்ட விதைகளைக் கண்டறியும் முறைகளின் வரலாறு

மரபணு மாற்றப்பட்ட விதையும் சாதாரண விதையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒரு விதையில் ஆய்வகத்தில் செருகப்பட்ட அயல் மரபணு இருக்கிறதா என்பதை அறிய மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அந்த மரபணுவையே தேடுவது. இரண்டாவது, அது உருவாக்கும் புரதத்தைத் தேடுவது. மூன்றாவது, விதையின் மேல் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கணினியின் துணையுடன் ஒப்பிடுவது. மூன்றாவது வழி வேகமானது, விதையை அழிக்காதது. ஆனால் அது மரபணுவை நேரடியாகக் காண்பதில்லை. அதன் பயனும் எல்லையும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

தேவை எழுந்த பின்னணி

களைக்கொல்லியைத் தாங்கும் சோயாவும், புழுவை எதிர்க்கும் பிடி பருத்தியும் 1996இல் அமெரிக்காவில் வணிகப் பயிர்களாயின. மரபணு மாற்றப்பட்ட உணவுகளுக்கு முகப்புச்சீட்டு வேண்டும் என்ற விதி 1997இல் ஐரோப்பாவில் வந்தது. 2003இல் இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றியச் சட்டங்கள் 0.9 விழுக்காடு என்ற வரம்பை வகுத்தன. அங்கீகரிக்கப்பட்ட மரபணு மாற்றப் பொருள் தற்செயலாகக் கலந்து, இந்த அளவுக்கு மேல் போகாதிருந்தால் முகப்புச்சீட்டு தேவையில்லை. வரம்பு ஒன்று வந்ததும், அதை அளந்து காட்டும் முறையும் தேவைப்பட்டது.

இதற்கிடையில் ஸ்டார்லிங்க் விவகாரம் வெடித்தது. கிரை9சி என்ற புரதத்தைக் கொண்ட இந்த மக்காச்சோளம், ஒவ்வாமை ஐயத்தின் காரணமாகக் கால்நடைத் தீவனத்துக்கும் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கும் மட்டுமே அனுமதி பெற்றிருந்தது. 2000 செப்டம்பரில் அதன் மரபணு, மக்கள் உண்ணும் டாக்கோ ஓடுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. பல உணவுப் பொருள்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. தானியக் கிடங்குகளின் வாசலில் லாரி நிற்கும்போதே சோதித்து முடிவு சொல்லும் முறை அவசரத் தேவையானது.

மரபணுச் சோதனையும் புரதச் சோதனையும்

காரி முல்லிஸ் 1983இல் உருவாக்கிய பாலிமரேஸ் தொடர்வினை, டி.என்.ஏ.வின் ஒரு சிறு பகுதியைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டும். பல மரபணு மாற்றப் பயிர்களில், காலிஃபிளவர் மொசைக் வைரசிலிருந்து எடுக்கப்பட்ட 35எஸ் என்ற தூண்டு பகுதி சேர்க்கப்பட்டுள்ளது. அதைத் தேடினால் ஒரே சோதனையில் பல பயிர்களைச் சலித்துவிடலாம். இந்த முறை மிகவும் நம்பகமானது. ஆனால் ஆய்வகமும் நேரமும் செலவும் தேவை. விதையை அரைத்தாக வேண்டும்.

புரதச் சோதனை எளிது. விதையையோ இலையையோ நசுக்கிக் கரைத்த நீரில் ஒரு சோதனைப் பட்டையை வைத்தால், சில நிமிடங்களில் கோடு தோன்றும். பட்டையிலுள்ள எதிர்ப்பொருள் குறிப்பிட்ட புரதத்துடன் மட்டும் சேரும் என்பதே இதன் அடிப்படை. எந்தப் புரதத்துக்காகப் பட்டை செய்யப்பட்டதோ அதைத் தவிர வேறெதையும் அது காட்டாது.

இரு முறைகளிலும் விதை அழிகிறது. எனவே மூட்டையிலிருந்து ஒரு மாதிரியை மட்டுமே சோதிக்க முடியும். ஒரு விழுக்காடு கலப்பு இருந்தால், அதை 95 விழுக்காடு உறுதியுடன் பிடிக்க ஏறத்தாழ 300 விதைகள் வேண்டும்.

குஜராத், 2001

இந்தியாவில் இந்தச் சிக்கல் பருத்தி வயலில் தொடங்கியது. 2001இல் குஜராத்தில் காய்ப்புழுத் தாக்குதல் கடுமையாக இருந்தபோது, நவபாரத் 151 என்ற வீரிய ஒட்டு ரகம் பயிரிட்ட வயல்கள் மட்டும் தப்பித்து நின்றன. சோதனையில் அதில் கிரை1ஏசி மரபணு இருப்பது தெரியவந்தது. அப்போது இந்தியாவில் எந்தப் பிடி பருத்திக்கும் வணிக அனுமதி இல்லை. பயிரை அழிக்க மத்திய ஒப்புதல் குழு உத்தரவிட்டது. விவசாயிகள் எதிர்த்தனர். அதற்குள் பல வயல்களில் முதல் பறிப்பு முடிந்திருந்தது. 2002 மார்ச்சில் பிடி பருத்திக்கு முறைப்படி அனுமதி வழங்கப்பட்டது.

அதன்பின் போலி விதைப் பொட்டலங்கள் பெருகின. நாகபுரியிலுள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம், கடையிலும் வயலிலும் பயன்படுத்தக்கூடிய புரதச் சோதனைப் பட்டைகளை உருவாக்கியது.

ஒளியைக் கொண்டு சோதித்தல்

அமெரிக்கத் தானியக் கிடங்குகளில் ஈரப்பதம், புரதம், எண்ணெய் ஆகியவற்றை அளக்க அண்மை அகச்சிவப்புக் கருவிகள் ஏற்கெனவே இருந்தன. விதையிலுள்ள நீரும் புரதமும் கொழுப்பும் வெவ்வேறு அலைநீள ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அதே கருவியைக் கொண்டு மரபணு மாற்றச் சோயாவையும் பிரிக்க முடியுமா என்று அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டனர். 2001இல் வெளியான அவர்களது ஆய்வு, களைக்கொல்லி தாங்கும் சோயாவையும் சாதாரணச் சோயாவையும் பிரிக்க மூன்று கணக்கீட்டு முறைகளை ஒப்பிட்டது. வழக்கமான நேரியல் முறை 78 விழுக்காடும், செயற்கை நரம்பணு வலையமைப்பு 88 விழுக்காடும் சரியாகப் பிரித்தன. ஏறத்தாழ 8000 மாதிரிகள் கொண்ட தரவுத்தளத்தில், புதிய மாதிரியை அதை ஒத்தவற்றுடன் மட்டும் ஒப்பிட்ட முறை 93 விழுக்காட்டை எட்டியது.

அடுத்த கட்டத்தில் நிறமாலைக் கருவியுடன் படக்கருவியும் இணைந்தது. பல அலைநீளங்களில் விதையைப் படம் எடுத்தால், படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறமாலை கிடைக்கும். இந்தப் பெரிய தரவிலிருந்து வேறுபாடுகளைக் கற்க இயந்திரக் கற்றல் பயன்படுகிறது. 2014இல் சீன ஆய்வாளர்கள் பல்நிறமாலைப் படங்களைக் கொண்டு பிடி நெல் விதைகளைப் பிரித்துக் காட்டினர். மக்காச்சோளத்திலும் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன.

ஒளி காண்பது எதை?

செருகப்பட்ட டி.என்.ஏ. விதையின் எடையில் மிக நுண்ணிய பங்கு. அதை ஒளியால் நேரடியாக அறிய முடியாது. கணினி கற்பது, இரு தொகுதி விதைகளுக்கு இடையே உள்ள ஒட்டுமொத்த வேறுபாட்டை மட்டுமே. அந்த வேறுபாடு மரபணு மாற்றத்தால் வந்திருக்கலாம். ரகம், மண், மழை, சேமிப்பு ஆகியவற்றாலும் வந்திருக்கலாம். ஒரே பண்ணையின் விதைகளில் பயின்ற மாதிரி, வேறு பண்ணையின் விதையில் தடுமாறுவது இதனால்தான்.

விதையுறை தாய்ச் செடியின் திசு என்பதையும் கவனிக்க வேண்டும். மகரந்தத்தின் வழியே வந்த மரபணு உள்ளிருக்கும் கருவில் இருக்கும், உறையில் இருக்காது. பருத்தியில் இன்னொரு தடையும் உண்டு. கடைக்கு வரும் விதை அமிலத்தால் பஞ்சு நீக்கப்பட்டு, மருந்தும் சாயமும் பூசப்பட்டிருக்கும்.

அரிதான கலப்பைத் தேடும்போது பிழை விழுக்காடும் பெரிதாகிறது. 10,000 விதைகளில் 10 மட்டுமே மரபணு மாற்றப்பட்டவை என்று கொள்வோம். இருபுறமும் 5 விழுக்காடு பிழை செய்யும் கருவி, அந்தப் பத்தில் ஒன்பதையோ பத்தையோ பிடிக்கும். கூடவே ஏறத்தாழ 500 நல்ல விதைகளையும் தவறாகச் சுட்டும்.

இந்தியாவின் இன்றைய கேள்வி

இன்று இந்தியப் பருத்திப் பரப்பின் பெரும்பகுதி பிடி பருத்திதான். ஆகவே “மரபணு மாற்றமா, இல்லையா?” என்ற கேள்வி இங்கு போதாது. அனுமதி பெறாத, களைக்கொல்லி தாங்கும் பிடி பருத்தியைப் பிரித்தறிவதே தேவை. 2019 ஜூனில் மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில், ஷேத்காரி சங்கடனா விவசாயிகள் அத்தகைய விதையை வெளிப்படையாக விதைத்துப் போராடினர். அப்போது சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இன்படி இதற்கு ஐந்தாண்டு சிறைவரை தண்டனை உண்டு. பிடி புரதத்துக்கான பட்டை இந்த விதையிலும் அனுமதி பெற்ற விதையிலும் ஒரே கோட்டைக் காட்டும். களைக்கொல்லி தாங்கும் புரதத்துக்கென்று தனிப் பட்டை வேண்டும்.

ஒரு விவசாயியின் மீது வழக்குத் தொடரவோ, வயலை உழுது அழிக்கவோ, ஒளிப்படக் கருவியின் கணிப்பு மட்டும் ஆதாரமாக முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான பொட்டலங்களில் எதை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று விதை ஆய்வாளருக்குச் சொல்ல அது உதவும். படமும் இயந்திரக் கற்றலும் சல்லடையாகவும், மரபணுச் சோதனை தீர்ப்பாகவும் இருப்பதே இவ்வரலாறு காட்டும் பொருத்தமான வேலைப் பங்கீடு.