ஐட்டிஸ் (மருத்துவப் பின்னொட்டு)

ஐட்டிஸ் என்பது உடலுறுப்பின் அழற்சியைக் குறிக்கும், கிரேக்க வழி வந்த பின்னொட்டு. உறுப்பைச் சுட்டும் வேர்ச்சொல்லுடன் சேர்ந்து இது நோய்ப்பெயரை ஆக்குகிறது. ஆர்த்ர் (மூட்டு), நெஃப்ர் (சிறுநீரகம்), ஹெபட் (கல்லீரல்) ஆகிய வேர்கள் முறையே ஆர்த்ரைட்டிஸ், நெஃப்ரைட்டிஸ், ஹெபடைட்டிஸ் எனும் சொற்களைத் தருகின்றன. வேரின் ஈற்றில் 'ஓமா' வந்தால் பெரும்பாலும் கட்டியையும், 'எக்டமி' வந்தால் உறுப்பை வெட்டி நீக்கும் அறுவையையும் குறிக்கும். நிமோனியா போன்ற சில அழற்சி நோய்ப்பெயர்கள் இப்பின்னொட்டை ஏற்பதில்லை.

கிரேக்கத்தில் இது 'சார்ந்த' எனப் பொருள்படும் பெண்பால் பெயரடை விகுதி. நோயைக் குறிக்கும் 'நோசோஸ்' என்ற பெண்பால் பெயருக்கு அடையாக வந்தது. அழற்சி என்ற பொருள் பின்னர் நிலைத்தது. 1886-இல் அமெரிக்க மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், லத்தீன் வேருடன் இதை இணைத்து 'அப்பெண்டிசைட்டிஸ்' என்ற சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தார். தமிழ்க் கலைச்சொற்களும் 'அழற்சி'யை ஈற்றில் கொண்டு மூட்டழற்சி, கல்லீரல் அழற்சி, குடல்வால் அழற்சி என அமைகின்றன.